அஞ்சாம் நாள் எடுக்கிற எம்ஆர்ஐ

அக்கா பையன் பிறந்தப்போ உடனே அழல. கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு, வலி எடுத்து ரொம்ப நேரமும் ஆகியிருந்துச்சு, வெளிய எடுத்ததும் உடம்பு துவண்டு போய் கிடந்தான்னு நர்ஸம்மா சொன்னாங்க, முகத்துல மாஸ்க் வச்சு பையை அமுக்கி அமுக்கி மூச்சு வர வச்சு அப்படியே என்ஐசியூவுக்கு, அதான் பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, தூக்கிட்டு ஓடினாங்க. அன்னிக்கு ராத்திரியே ஃபிட்ஸ். அஞ்சாம் நாள் எம்ஆர்ஐ எடுத்தாங்க. டாக்டரம்மா ஃபிலிமை லைட் பாக்ஸ்ல மாட்டி, "தலாமஸ் பக்கத்துல லேசா மாற்றம் தெரியுதும்மா, ஆனா நரம்புப் பாதை நல்லாருக்கு, விடாம ஃபாலோ அப் வாங்க"ன்னாங்க. அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "மேடம், என் புள்ள நடப்பானா, படிப்பானா?"

அதை ஒரே கேள்வின்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம். அது ரெண்டு கேள்வி. நடப்பானாங்கறதுக்கு அந்தப் படம் ரொம்ப நல்லா பதில் சொல்லும், படிப்பானாங்கறதுக்கு அதே படம் திணறும். இந்த வித்தியாசம் எனக்குப் புரியவே ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள எத்தனையோ அம்மா அப்பா வெயிட்டிங் ஹால்ல ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு அதுல இருக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் போன்ல தேடிப் படிச்சு உடைஞ்சு போறதைப் பார்த்துட்டேன். அதனாலதான் இதை உக்காந்து எழுதறேன்.

முதல்ல வியாதி. பிரசவ நேரத்துல மூளைக்குப் போற ரத்தமும் ஆக்சிஜனும் குறைஞ்சு அதனால மூளை பாதிக்கப்பட்டா அதுக்கு ஹெச்ஐஇன்னு பேரு. வசதியான நாடுகள்ல ஆயிரம் பிரசவத்துக்கு 1லேர்ந்து 3 குழந்தைக்கு வருது, இந்தியா மாதிரி நாடுகள்ல அதைவிட பல மடங்கு. பிறந்ததும் அழலன்னா எல்லாருக்கும் இது வந்துடாது, நிறைய குழந்தைங்க ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் உதவி பண்ணினா சரியாயிடுவாங்க. அதே மாதிரி செரிப்ரல் பால்ஸி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராம போறது) வர்ற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு காரணம் பிரசவ மூச்சுத்திணறல் கிடையாது, வேற காரணங்கள். ஹெச்ஐஇ எவ்வளவு கடுமைன்னு பாக்க 1976ல சார்னட் தம்பதி எழுதின அளவுகோலைத்தான் இன்னிக்கும் உலகம் பூரா வச்சிருக்காங்க: மைல்ட், மாடரேட், சிவியர். குழந்தை முழிச்சிருக்கா, உடம்பு விறைப்பா துவளலா, சப்புதா, ஃபிட்ஸ் வருதான்னு கையால தொட்டுப் பார்த்து சொல்றது. இதுல மைல்டும் சிவியரும் ஓரளவு தெளிவு, நடுவுல மாடரேட்னு ஒண்ணு இருக்கே, அதுல எந்தக் குழந்தை எந்தப் பக்கம் போகும்னு கையால தொட்டுச் சொல்லிட முடியாது. ஸ்கேனுக்கு நிஜமான வேலையே அங்கதான்.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. ஆக்சிஜன் குறைஞ்ச அந்த நிமிஷத்துலயே மூளை முழுசா சேதமாயிடறதில்ல. 1980கள்ல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸோட டீம் பிறந்த குழந்தைங்களை காந்தத்துக்குள்ள வச்சு மூளை செல்லுல இருக்கிற பாஸ்பரஸ் சத்தை அளந்தாங்க, அதாவது செல்லுக்குள்ள எவ்வளவு எனர்ஜி மிச்சம் இருக்குன்னு. மூச்சு வந்து ரத்த ஓட்டம் திரும்பின குழந்தைக்கு முதல் சில மணி நேரம் எல்லாம் நார்மலா இருந்துச்சு, ஆனா அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல எனர்ஜி மறுபடி சரிஞ்சுது. அடி ரெண்டு தடவை விழுதுன்னு அப்பதான் தெரிஞ்சுது, முதல் அடிக்கும் ரெண்டாவது அடிக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குன்னும் தெரிஞ்சுது. இன்னிக்கு "ஆறு மணி நேரத்துக்குள்ள கொண்டு வாங்க"ன்னு சொல்றாங்களே, அந்த ஆறு மணி நேரக் கணக்கு அந்த இடைவெளிலேர்ந்துதான் வருது. குழந்தையோட உடம்பு சூட்டை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி 72 மணி நேரம் அப்படியே வச்சிருந்து மெதுவா திரும்ப சூடு ஏத்தற கூலிங் சிகிச்சை 2005ல வந்த ரெண்டு பெரிய ட்ரையல் (சிகிச்சையைச் சோதிச்சுப் பாக்கற ஆய்வு), 2009ல வந்த டோபி ட்ரையல் இதுக்கெல்லாம் அப்புறம் மேலை நாடுகள்ல வழக்கமாயிடுச்சு.

சரி, ஸ்கேன் எப்படி எடுக்கறாங்க? இதைப் பத்தி அக்கா ரொம்ப பயந்தா, அஞ்சு நாள் குழந்தையை மயக்கி அந்த குழாய்க்குள்ள தள்ளுவாங்களோன்னு. பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது. பால் கொடுத்து, வயிறு நெறஞ்ச கையோட துணியில இறுக்கமா சுத்தி, காதுல சின்னதா பஞ்சு மாதிரி ஒண்ணை அடைச்சு அது மேல ஒரு மூடி ஒட்டி, அப்படியே தூங்க வச்சு உள்ள அனுப்பறாங்க. எங்க பையனுக்கு ட்யூப் வழியாத்தான் பால், சிஸ்டர் சிரிஞ்சைத் தூக்கிப் பிடிச்சு பால் இறங்கற வரைக்கும் நின்னாங்க, அப்புறம் வெள்ளைத் துணியில கைகால் தெரியாம சுத்தினாங்க, மூஞ்சி மட்டும் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளிய தெரிஞ்சுது. கால்ல மாட்டின ஆக்சிஜன் சென்சார் வயர் மட்டும் துணிக்கு வெளிய நீண்டுச்சு. மெஷின் டக்டக்டக்குன்னு அடிக்கிற சத்தம் வெளிய வரைக்கும் கேக்கும், அவன் அசையல. நடுவுல ஒரு தடவை முழிச்சுட்டான்னு நிறுத்தி, தட்டிக் கொடுத்து, மறுபடி எடுத்தாங்க. குழந்தை தலையை ஆட்டினா படம் கலங்கிடும், கலங்கின படத்தை வச்சு ஜோசியம் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

ஏன் அஞ்சாம் நாள்? ஏன் முதல் நாளே எடுக்கல? இதுதான் நிறைய பேர் ஆஸ்பத்திரில சண்டை போடற கேள்வி. எம்ஆர்ஐல டிஃப்யூஷன்னு ஒரு வகைப் படம் இருக்கு, அது தண்ணி மூலக்கூறு எவ்வளவு தாராளமா நகருதுன்னு காட்டும். அடிபட்ட செல்லு வீங்கும், வீங்கினா தண்ணி நகர இடமில்ல, அந்த இடம் படத்துல பளிச்சுன்னு தெரியும். ஆனா முதல் நாள்ல சேதம் இன்னும் முழுசா விரியல, அப்ப எடுத்தா உள்ளதைவிடக் கம்மியாத் தெரியும். ரெண்டாம் நாள்லேர்ந்து நாலு அஞ்சு நாள் வரைக்கும் நல்லா தெரியும். அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் ஆனா அந்த பளிச்சு தானா மறைஞ்சு பாக்க நார்மல் மாதிரி ஆயிடும், சேதம் அங்கயேதான் இருக்கும், படத்துல மட்டும் காணாமப் போயிடும். இன்னொரு பக்கம் எம்ஆர்ஐல வழக்கமா எடுக்கிற டி1, டி2ங்கற ரெண்டு வகைப் படங்கள்ல காயம் தெளிவா உருவெடுக்க கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். ரெண்டும் ஒண்ணா கிடைக்கிற நாட்கள் நாலுலேர்ந்து ஏழு. அதனால பத்தாம் நாள் எடுத்த டிஃப்யூஷனைக் காட்டி "எல்லாம் நார்மல்"னு யாராவது சொன்னா, ஸ்கேன் எடுத்த தேதியைக் கட்டாயம் பாருங்க. ரிப்போர்ட்ல முதல்ல படிக்க வேண்டியது அந்தத் தேதிதான்னு நான் சொல்லுவேன்.

அடுத்து இடம். மூளையில எவ்வளவு பாதிச்சிருக்குங்கறதைவிட எங்க பாதிச்சிருக்குங்கறது பெருசு. ரெண்டு முக்கியமான மாதிரி இருக்கு. ஒண்ணு, திடீர்னு ஆக்சிஜன் முழுசா நின்னு போறது, கர்ப்பப்பை கிழியறது, கொடி முன்னாடி இறங்கிடறது மாதிரி. அப்ப மூளைக்கு நடுவுல ஆழத்துல இருக்கிற பேசல் கேங்க்லியாவும் தலாமஸும் முதல்ல அடிவாங்கும், ஏன்னா பிறக்கற நேரத்துல அதிகமா வேலை பாத்து அதிகமா எனர்ஜி தின்னுக்கிட்டு இருக்கிற இடங்கள் அதுங்கதான். இன்னொண்ணு, மணிக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா குறையறது. அப்ப ரெண்டு பெரிய ரத்தக்குழாயோட கடைசி நுனிங்க சந்திக்கிற இடங்கள் பாதிக்கும். காவிரியில தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது கடைமடை வயல்தானே, அதே கணக்கு. மேட்டூர்ல திறந்து விட்ட தண்ணி வழியில இருக்கிறவங்களுக்கு ஓரளவு எட்டிடும், கடைசில இருக்கிற வயலுக்கு வர்றப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது. மூளையோட கடைமடை இந்த நுனிப் பகுதிகள்.

நடு மூளை பாதிச்சா கை கால் அசைவு, விழுங்கறது, பேச வாய் அசைக்கிறது எல்லாம் பாதிக்கும், செரிப்ரல் பால்ஸி வர வாய்ப்பு அதிகம். கடைமடைப் பகுதி பாதிச்சா நடை பெரும்பாலும் வந்துடும், பிரச்சனை பின்னாடி படிப்பு, மொழி, கவனம், பார்வையைப் புரிஞ்சுக்கிறதுன்னு மெதுவா வெளிய வரும்.

டாக்டரம்மா "நரம்புப் பாதை நல்லாருக்கு"ன்னு சொன்னாங்களே, அது என்னன்னு இப்ப சொல்றேன். மூளையோட மேல் பகுதிலேர்ந்து கை காலுக்கு உத்தரவு எடுத்துக்கிட்டு போற நரம்புக் கட்டு தலாமஸை ஒட்டி ஒரு குறுகலான வழியா இறங்குது. நிறைமாசக் குழந்தைக்கு அந்த இடத்துல நரம்புக்கு மேலுறை போட ஆரம்பிச்சிருக்கும், அதனால டி1 படத்துல ஒரு குட்டி வெள்ளைக் கீத்து தெரியும், நகக்கீறல் மாதிரி, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. கடுமையா அடிபட்ட குழந்தைக்கு அந்தக் கீத்து மங்கிடும் இல்ல காணாமப் போயிடும். 1998ல லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரில மேரி ரதர்ஃபோர்டும் கூட இருந்தவங்களும் 73 குழந்தைங்களைப் பாத்து எழுதினாங்க: அந்தக் கீத்து காணாமப் போன குழந்தைங்க எல்லாருக்கும் பின்னாடி பாதிப்பு வந்துச்சு, பாதிப்பு வந்த குழந்தைங்கள்ல பத்துக்கு ஒன்பது பேரை அது முன்கூட்டியே காட்டிக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் அதே ஆஸ்பத்திரில நடந்த மார்ட்டினெஸ் பியார்ஜோட ஆய்வுகளும் நடு மூளைக் காயம் எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்குத்தான் நடை பாதிக்கும்னு உறுதி பண்ணுச்சு. ஒரு மயிரிழைக் கோடு ரெண்டு வயசு நடையைச் சொல்லுதுன்னா அது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

கூலிங் கொடுத்த குழந்தைக்கும் இந்தப் படம் இதே மாதிரி வேலை செய்யுமான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. டோபி ட்ரையல்ல இருந்த 131 குழந்தைங்களோட ஸ்கேனை 2010ல அலசினப்போ 18 மாசத்துல மரணம் இல்ல ஊனம் வருமான்னு படம் சரியாச் சொன்னது கூலிங் கொடுத்தவங்கள்ல 0.84, கொடுக்காதவங்கள்ல 0.81. அதாவது நூத்துக்கு எண்பது சொச்சம் சரி. நல்ல நம்பர்தான், ஆனா அந்த மிச்சப் பதினாறு பத்தொன்பது பேர்ல உங்க குழந்தை இருக்கலாம், அதை மறக்காதீங்க.

அப்புறம் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி. இது படம் கிடையாது, அதே எம்ஆர்ஐ மெஷின்ல தலாமஸ்ல ஒரு சின்னக் கட்டம் போட்டு அந்த இடத்துல என்னென்ன ரசாயனம் எவ்வளவு இருக்குன்னு கோடு கோடா எழுதித் தரும். என்ஏஏன்னு ஒரு பொருள் உயிரோட இருக்கிற நியூரான்ல, அதாவது நரம்பு செல்லுல, இருக்கும், நியூரான் செத்தா குறையும். லாக்டேட் ஆக்சிஜன் இல்லாம செல்லு தவிச்சா ஏறும். பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்த மார்பிள் ஆய்வு, 2019ல வந்துச்சு, கூலிங் கொடுத்த 223 குழந்தைங்களை வச்சு எட்டு என்ஐசியூல பண்ணினாங்க, தலாமஸ்ல என்ஏஏ அளவு எவ்வளவுன்னு பாத்தா ரெண்டு வயசு வளர்ச்சியைக் கிட்டத்தட்ட தப்பில்லாம சொல்லிட்டாங்க, 1ங்கறது முழு மார்க்னா 0.99. இதை நடத்தினவர் இம்பீரியல் காலேஜ்ல இருக்கிற சுதின் தய்யில். கேக்க பிரமாதமா இருக்கு. ஆனா அதுக்கு 3 டெஸ்லான்னு சொல்ற, காந்த சக்தி அதிகமான மெஷின் வேணும், எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி செட்டிங் வேணும், அளவெடுக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நம்ம ஊர்ல 3 டெஸ்லா மெஷின் இப்ப நிறைய ஸ்கேன் சென்டர்ல வந்துருச்சு, பச்சக் குழந்தை தலாமஸ்ல என்ஏஏ அளந்து பழகின கைதான் எல்லா ஊர்லயும் கிடைக்காது.

நம்ம ஊர்னதும் சொல்லியே ஆகணும், இந்தக் கதையில வேலூருக்கும் சென்னைக்கும் பெரிய இடம் இருக்கு. வேலூர் சிஎம்சில நார்வே ஆய்வாளர்களோட சேர்ந்து 50 குழந்தைங்களை வச்சு தின்ங்கற ட்ரையல் பண்ணினாங்க, பாதிப் பேருக்கு கூலிங், பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. லட்சக்கணக்குல விலை போற மெஷின் இல்லாம, மெழுகு உருகறப்ப சூட்டை இழுக்குமே அந்த மாதிரி குணமுள்ள பொருளைப் படுக்கையில வச்சே குழந்தையைக் குளிர வச்சாங்க. பலன் இருக்கான்னு பாக்க அவங்க எடுத்துக்கிட்ட முக்கிய அளவு எதுன்னா அஞ்சாம் நாள் எம்ஆர்ஐல அந்த நரம்புக் கட்டு எவ்வளவு ஒழுங்கா இருக்குங்கறதுதான், மேல சொன்ன அதே வெள்ளைக் கீத்து இருக்கிற இடம். கூலிங் கொடுத்த குழந்தைங்களுக்கு அந்த இடம் நல்லாருந்துச்சு, மொத்தக் காயமும் கம்மியா தெரிஞ்சுது.

அப்புறம் ஹெலிக்ஸ் வந்துச்சு. இதுவும் சுதின் தய்யில் தலைமையிலதான். இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல ஏழு ஆஸ்பத்திரி, அதுல எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் உண்டு, இலங்கையில களனிப் பல்கலைக்கழகமும் உண்டு. மொத்தம் 408 குழந்தைங்க. வீட்டுல பிறந்த குழந்தைன்னா அஞ்சு நிமிஷத்துக்குள்ள அழலங்கறதையே ஒரு தகுதியா வச்சுக்கிட்டாங்க, அந்த அளவுக்கு நம்ம நிலைமையைப் புரிஞ்சு போட்ட ட்ரையல். 2021ல ரிசல்ட் வந்தப்ப எல்லாரும் அதிர்ந்துட்டாங்க: மரணமோ கடும் ஊனமோ கூலிங் கொடுத்தவங்கள்ல 50 சதவீதம், கொடுக்காதவங்கள்ல 47, பெரிய வித்தியாசமே இல்ல, மரணத்தை மட்டும் எடுத்தா கூலிங் பக்கம் 42 சதவீதம், கொடுக்காத பக்கம் 31. லண்டன்ல உயிர் காப்பாத்தற அதே குளிர் இங்க கெடுதல் பண்ணியிருக்கு.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். வேலூர்ல ஒரே ஆஸ்பத்திரி, 50 பேர், அளந்தது படம். ஹெலிக்ஸ்ல ஏழு ஆஸ்பத்திரி, 408 பேர், அளந்தது குழந்தையையே, 18 மாசத்துக்கு மேல உக்கார வச்சு பெய்லின்னு ஒரு வளர்ச்சிச் சோதனை வச்சு. படத்துல நல்லா தெரிஞ்சா குழந்தையும் நல்லா வரும்ங்கற சங்கிலி ஒவ்வொரு ஊர்லயும் தனித்தனியா சோதிச்சுப் பாத்துதான் நம்பணும்னு எனக்குப் பட்டது இதுலேர்ந்துதான். நம்ம பக்கம் பாதிப்பு நிறைய பேருக்கு அந்தக் கடைமடை மாதிரி, வலி எடுத்து பல மணி நேரமா விட்டு விட்டு நடக்கிற குறைவு, அதனால குழந்தை வெளிய வர்றப்பவே அந்த ஆறு மணி நேர இடைவெளி முடிஞ்சு போயிருக்கும்னு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்றாங்க. அது சரின்னா லண்டன் குழந்தைங்க படத்தை வச்சு உருவாக்கின மார்க் அட்டவணை நம்ம குழந்தைங்களுக்கு அப்படியே பொருந்தும்னு எடுத்துக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை ரொம்ப கம்மிப் பேர்தான் பேசறாங்க. மேலை நாடுகள்ல ஸ்கேன் ரொம்ப மோசமா வந்தா பெற்றோரோட பேசி உயிர்காக்கும் மெஷினை நிறுத்தற முடிவு எடுக்கறது உண்டு. அந்தக் குழந்தை இறந்துடும், ஆய்வுக் கணக்குல "மோசமான படம், மோசமான முடிவு"ன்னு ஏறும், படம் சரியாக் கணிச்ச மாதிரி ஆயிடும். அந்தக் குழந்தை இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு யாருக்கும் தெரியாமலே போயிடுது. அதனால அந்த நம்பர்களைப் படிக்கிறப்ப மரணமும் ஊனமும் சேர்த்து எண்ணியிருக்காங்களா, தனித்தனியா எண்ணியிருக்காங்களான்னு கவனிக்கணும்.

படிப்பு விஷயத்துக்கு வர்றேன். இங்கிலாந்துல பிரிஸ்டல்ல கூலிங் கொடுத்துப் பிழைச்சு, செரிப்ரல் பால்ஸியும் இல்லாம, வெளிப்பார்வைக்கு முழு நலமா இருக்கிற குழந்தைங்களை 6லேர்ந்து 8 வயசுல கூப்பிட்டு ஐக்யூ பாத்தாங்க. 2020ல வந்த ஆய்வு, சின்ன ஆய்வுதான், 29 குழந்தைங்க. அவங்க சராசரி 91, கூட ஒப்பிட்ட மத்த குழந்தைங்க சராசரி 105. 91ங்கறது நார்மலுக்குள்ளதான் இருக்கு, ஆனா அந்தப் பதினாலு பாயிண்ட் வித்தியாசம் கிளாஸ்ல உக்கார்றப்ப தெரியும். ரெண்டு வயசு சோதனைல பாஸானவங்களுக்கு இப்படி. ஞாபக சக்தி, திட்டம் போட்டு ஒரு வேலையை முடிக்கிறது, கணக்கு இதெல்லாம் மூளை முழுக்க விரவின வேலைகள், ஒரு இடத்துல ஒரு கீத்து இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்ல முடியாது. அதுக்கு மேல வீட்டுல எவ்வளவு பேசறோம், என்ன சாப்பாடு, காது கண் சரியா பாத்தாங்களா, எத்தனை நாள் பிசியோ போனோம், இதெல்லாம் அஞ்சாம் நாள் படத்துக்கு அப்புறம் நடக்கிற விஷயங்கள். நார்மல் எம்ஆர்ஐ வந்தா பெரிய நிம்மதிதான், ஆனா அதைக் காரணம் காட்டி ஃபாலோ அப்பை நிறுத்திடறாங்களே, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

இப்ப ஏஐ வந்துருச்சு, படத்தைக் கொடுத்தா அதுவே காயத்தைக் கண்டுபிடிச்சு வளர்ச்சியைச் சொல்லும்னு நியூஸ் வருது. வேலை நடக்கறது உண்மைதான், பாஸ்டன் ஆஸ்பத்திரிகள் ஹெச்ஐஇ குழந்தைங்க ஸ்கேனைப் பேர் விவரம் எடுத்துட்டு போன்பிட்ங்கற பேர்ல பொதுவுல வச்சு, 2023ல உலகம் பூரா ப்ரோக்ராம் எழுதறவங்களைப் போட்டிக்குக் கூப்பிட்டாங்க. கஷ்டம் என்னன்னா பெரியவங்க ஸ்ட்ரோக் மாதிரி பெரிய கறையா இருக்காது, பல குழந்தைக்கு காயம் மொத்த மூளையில ஒரு சதவீதம்கூட வராது, அங்கங்க பொட்டுப் பொட்டா சிதறியிருக்கும். ஒரு ஆஸ்பத்திரி படத்துல பழகின ப்ரோக்ராம் வேற மெஷின்ல எடுத்த படத்தைப் பாத்தா தடுமாறுது. நம்ம ஊர்க் குழந்தைங்க படம் அதுக்குள்ள போகாத வரைக்கும் இங்க அதை நம்பி முடிவெடுக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

இத்தனைக்கும் நடுவுல, மெஷினே இல்லாத ஒரு சோதனை எம்ஆர்ஐக்கு சமமா நிக்குது. குழந்தை மூணு மாசத்துல மல்லாக்கப் படுத்து தன்பாட்டுக்கு கை கால் ஆட்டும்ல, அதுல மணிக்கட்டு, கழுத்து, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதா எல்லாப் பக்கமும் சுழலும். அந்த அசைவு இருக்கா இல்லையான்னு ஒரு அஞ்சு நிமிஷ வீடியோவைப் பார்த்து பயிற்சி எடுத்தவங்க சொல்லிடுவாங்க. 2017ல உலக நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்ல செரிப்ரல் பால்ஸியை அஞ்சு மாசத்துக்குள்ள கண்டுபிடிக்கிறதுல இந்த அசைவுச் சோதனை 98 சதவீதம், எம்ஆர்ஐ 86லேர்ந்து 89, கையால செய்யற ஹேமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனை 90ன்னு போட்டிருக்காங்க. மூணையும் சேர்த்துப் பாக்கணும்ங்கறதுதான் அவங்க சொன்னது. போன்ல எடுத்த வீடியோவே போதும், குழந்தை முழிச்சு அமைதியா இருக்கணும், வாயில சூப்பி இருக்கக் கூடாது, கொஞ்சி விளையாட்டு காட்டக் கூடாது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, டிஇஐசின்னு கேட்டா மாவட்ட ஆஸ்பத்திரில காட்டுவாங்க, டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் சிடியையும் எடுத்துக்கிட்டு நேரா போகலாம், செலவில்ல. ஃபிலிம் மட்டும் போதாது, சிடி வாங்கி வச்சுக்கோங்க, ரெண்டாவது டாக்டர் பாக்கணும்னா முழுப் படமும் அதுலதான் இருக்கும்.

எங்க பையனுக்கு மூணாம் மாசம் அக்கா கூடத்துல பாயை விரிச்சுப் படுக்க வச்சு எடுத்த வீடியோல அந்தச் சுழற்சி இருந்துச்சு. கழுத்து நிக்க லேட்டாச்சு, பதினெட்டு மாசத்துல நடந்தான், இடது கை மட்டும் பட்டன் போடறப்ப கொஞ்சம் மெதுவு. நடப்பானாங்கறதுக்கு டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. இப்ப யூகேஜி, கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவான், ஆனா மூணு வேலையை வரிசையாச் சொன்னா ரெண்டாவதுலயே நின்னுடறான். ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு, அதுக்கு முன்னாடி முழு அசெஸ்மென்ட்டுக்கு தேதி வாங்கியிருக்கோம். டாக்டர் பழைய ஸ்கேனையும் கொண்டு வரச் சொன்னாங்க, அக்கா ஏற்கனவே எடுத்து ஃபைலுக்குள்ள வச்சுட்டா, கூடவே அவனோட டீச்சர் ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்ததையும்.